தட்டிப் பார்த்தால் தெரியுமா? பாலத்தின் சேதத்தை இயந்திரம் கண்டுபிடிக்கும் விதம்

பொங்கலுக்கு முன்னால் பானை வாங்கப் போகிறவர்கள் கண்ணால் மட்டும் பார்த்து வாங்குவதில்லை. பானையின் வாயை ஒரு கையால் பிடித்துத் தூக்கி, மறுகையின் விரல் முட்டியால் ஒரு தட்டு. ‘கணீர்’ என்றால் எடுத்து வைப்பார்கள். ‘பொத்’தென்று கேட்டால் பானை இருந்த இடத்துக்கே திரும்பிவிடும். விரிசல் எந்தப் பக்கம், எவ்வளவு நீளம் என்பதெல்லாம் தட்டியவருக்குத் தெரியாது. ஏதோ சரியில்லை என்பது மட்டும் தெரியும். வாங்காமல் விட அது போதும்.

பாலம், அணை, காற்றாலைக் கோபுரம், விமான இறக்கை போன்றவற்றில் சேதத்தைக் கண்டுபிடிக்க மெஷின் லேர்னிங், அதாவது இயந்திரக் கற்றல், பயன்படுகிறது என்று எங்காவது படித்திருப்பீர்கள். பெயர்தான் பெரிது. செய்வது ஏறக்குறைய இந்தப் பானைத் தட்டல்தான். தட்டும் விரலுக்குப் பதில் பாலத்தின் மேல் போகும் லாரியும் வீசும் காற்றும். காதுக்குப் பதில் சென்சார். கேட்டுக் கேட்டுப் பழகிய மூளைக்குப் பதில் ஒரு மாடல், அதாவது தரவைப் பார்த்துப் பழகிய ஒரு கணக்கு.

ஆனால் ஈரம் காயாத பானையும் பொத்தென்றுதான் ஒலிக்கும். வயிற்றுப் பக்கம் அணைத்துப் பிடித்துத் தட்டினாலும் அப்படித்தான். இரண்டிலும் விரிசல் கிடையாது. பழகிய கை இதையெல்லாம் கணக்கில் வைத்துத்தான் தட்டுகிறது. பாலத்துக்கு வரும்போது சிக்கல் முழுவதும் இந்த ஈரப்பானையில்தான் இருக்கிறது. எந்த அல்காரிதம் சிறந்தது என்று வாரம் ஒரு கட்டுரை வருகிறது. நல்ல பாலம் எத்தனை விதமாக ஒலிக்கும் என்று தெரிந்துகொள்வதுதான் அதைவிடக் கடினமான வேலை என்பது என் எண்ணம். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

கண் போதாதா?

அமெரிக்காவில் ஓஹையோ ஆற்றின் குறுக்கே, மேற்கு வர்ஜீனியாவின் பாயிண்ட் ப்ளெசண்ட் ஊரில், சில்வர் பிரிட்ஜ் என்று ஒரு தொங்குபாலம் இருந்தது. கம்பிவடத்துக்குப் பதிலாக, கண் போன்ற துளையுள்ள இரும்புப் பட்டைகளைச் சங்கிலிபோலக் கோத்துக் கட்டியது. 1967 டிசம்பர் 15 மாலை, வண்டிகள் நிறைந்து நின்ற நேரத்தில், மொத்தப் பாலமும் ஆற்றில் விழுந்தது. 46 பேர் இறந்தார்கள். ஒரே ஒரு பட்டையின் துளை ஓரத்தில் இருந்த, சுமார் 2.5 மில்லிமீட்டர் ஆழமுள்ள ஒரு விரிசல்தான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. மூட்டைக் கழற்றாமல் அதைக் கண்ணால் பார்க்க வழியே இருந்திருக்காது.

அதன் பிறகுதான் அமெரிக்காவில் பாலங்களைக் குறிப்பிட்ட இடைவெளியில் கட்டாயம் ஆய்வு செய்யும் விதிகள் வந்தன. பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. ஆய்வாளர் ஏறிப் பார்ப்பார், சுத்தியலால் கான்கிரீட்டைத் தட்டிப் பார்ப்பார் (ஆம், அதே தட்டல்), குறித்துக்கொண்டு இறங்குவார். நல்ல வழக்கம்தான். ஆனால் அந்த இரண்டு வருடத்துக்கு நடுவில் என்ன நடக்கிறது? உள்ளே புதைந்த கம்பி துருப்பிடித்தால்? வெள்ளத்தில் தூணின் அடிமண் அரித்துப் போனால்? அந்த இடைவெளியை நிரப்பத்தான் பாலத்திலேயே சென்சார்களை விட்டுவைக்கும் யோசனை வந்தது.

ஓசை எண்ணாக மாறும் இடம்

வீட்டில் இரும்பு ஸ்கேல் இருந்தால் மேசை விளிம்பில் பாதி வெளியே நீட்டி, ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நுனியைச் சுண்டிவிடுங்கள். ‘ட்ர்ர்ர்’ என்று ஆடும். எவ்வளவு பலமாகச் சுண்டினாலும் ஆட்டத்தின் அகலம்தான் மாறும், வேகம் மாறாது. நொடிக்கு இத்தனை முறை என்ற அந்த வேகம்தான் அதன் இயல் அதிர்வெண். நுனியில் ஒரு நாணயத்தை ஒட்டினால் ஆட்டம் மந்தமாகும், ஏனென்றால் எடை கூடிவிட்டது. பிடித்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அரத்தால் ஒரு வெட்டுப் போட்டாலும் மந்தமாகும், ஏனென்றால் விறைப்பு குறைந்துவிட்டது. இந்த வேலையின் இயற்பியல் ஏறக்குறைய இவ்வளவுதான்.

விறைப்பை எடையால் வகுத்து அதன் வர்க்கமூலத்தை எடுத்தால் வருவதுதான் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கிறது. இந்த வர்க்கமூலம் நமக்கு எதிரி. பாலத்தின் விறைப்பு 10 விழுக்காடு குறைந்தால் அதிர்வெண் 5 விழுக்காடுதான் குறையும். விறைப்பு 2 விழுக்காடு குறைந்தால் அதிர்வெண்ணில் ஒரே ஒரு விழுக்காடு. சேதம் பெரிதாக இருக்கும்போதே அறிகுறி சின்னதாகத் தெரியும் என்று பொருள்.

பாலத்தை யாரும் சுண்டிவிடத் தேவையில்லை. போகிற வண்டிகளும் காற்றுமே ஓயாமல் சுண்டிக்கொண்டிருக்கின்றன. முடுக்கமானி என்னும் சிறு சென்சார் அந்த ஆட்டத்தை நொடிக்கு நூறு முறை அளந்து எழுதிக்கொண்டே இருக்கும். உங்கள் கைப்பேசியைச் சாய்த்தால் திரை திரும்புகிறதே, அதற்குள் இருப்பதும் முடுக்கமானிதான். இப்படி வரும் எண்கள் வெறும் இரைச்சல் போலத்தான் தெரியும். ஃபூரியே மாற்றம் என்னும் கணக்கைப் போட்டால் அந்த இரைச்சல் அதிர்வெண் வாரியாகப் பிரிந்து, சில இடங்களில் மட்டும் உயரமான முகடுகள் எழும். அந்த முகடுகள்தான் பாலத்தின் இயல் அதிர்வெண்கள். ஒரு பாலத்துக்கு ஒன்று மட்டும் இருக்காது. மேலும் கீழும் ஆடுவதற்கு ஒன்று, முறுக்கி ஆடுவதற்கு ஒன்று என்று பல இருக்கும்.

இங்கே பலரும் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. சென்சார் சேதத்தை அளப்பதில்லை. அது அளப்பது முடுக்கத்தை மட்டும். இந்தத் துறையில் நெடுங்காலம் உழைத்த சார்ல்ஸ் ஃபேரர், கீத் வோர்டன் இருவரும் இதை ஓர் அடிப்படை விதியாகவே வைத்திருக்கிறார்கள். அளந்ததிலிருந்து அதிர்வெண் போன்ற ஏதாவது ஒரு குணத்தைப் பிரித்தெடுத்து, அதை நேற்றைய குணத்தோடு ஒப்பிட்டால்தான் சேதம் என்ற சொல்லையே உச்சரிக்க முடியும். ஆகவே ‘சேதம் காட்டும் சென்சார்’ என்று யாராவது விற்க வந்தால் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்.

கர்டரை வெட்டினார்கள், எண் அசையவில்லை

1993இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஆல்புகெர்க்கி நகரில் ரியோ கிராண்டே ஆற்றைக் கடக்கும் ஐ-40 நெடுஞ்சாலைப் பாலத்தை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தது. எப்படியும் இடிக்கிற பாலம்தானே என்று லாஸ் அலமோஸ் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்களும் நியூ மெக்சிகோ அரசுப் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து அதில் ஒரு சோதனை செய்தார்கள். பாலத்தைத் தாங்கும் கர்டரை, அதாவது ஏறத்தாழ 3 மீட்டர் உயரமுள்ள இரும்பு உத்திரத்தை, நான்கு கட்டமாக வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் பாலத்தை அதிரவைத்து அளப்பது என்று திட்டம்.

முதல் வெட்டு: கர்டரின் நடுத்தகட்டில் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு பிளவு. இரண்டாவது: அதே பிளவைத் தகட்டின் அடிவரை இழுத்தார்கள். மூன்றாவது: அடியில் உள்ள தடித்த பட்டையை இரு பக்கமிருந்தும் பாதிவரை அறுத்தார்கள். நான்காவது: பட்டையை முழுவதுமாகத் துண்டித்தார்கள். இப்போது கர்டரின் மேற்பகுதி மட்டும்தான் சுமையைத் தாங்கி நிற்கிறது.

முதல் அதிர்வெண் தொடக்கத்தில் 2.48 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 2.48 ஆட்டம். முதல் வெட்டுக்குப் பின் 2.52. இரண்டாவது வெட்டுக்குப் பின்னும் 2.52. மூன்றுக்குப் பின் 2.46. கர்டர் ஏறக்குறைய இரண்டான பிறகுதான் 2.30.

முதல் வெட்டுக்குப் பின் அதிர்வெண் கூடியிருக்கிறது! வெட்டியதால் பாலம் கெட்டியாகிவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். சோதனை நடந்த சூழலில் ஏற்பட்ட சிறு மாறுதல்கள் வெட்டின் விளைவை விழுங்கிவிட்டன. கடைசி வெட்டில்கூடக் குறைந்தது 7 விழுக்காடு மட்டும்தான்.

இதே ஆய்வாளர்கள் சில வருடம் கழித்து அதே மாநிலத்தின் அலமோசா கேன்யன் பாலத்தில் வேறொன்றை அளந்தார்கள். அங்கே யாரும் எதையும் வெட்டவில்லை. ஒரு பகலும் ஓர் இரவும் சும்மா அளந்தார்கள். 24 மணி நேரத்துக்குள் முதல் அதிர்வெண் சுமார் 5 விழுக்காடு ஏறி இறங்கியது. வெயில் ஒரு பக்கத்தைச் சூடாக்கி, பிறகு மறு பக்கத்துக்குப் போனதுதான் காரணம். கர்டரை இரண்டாக அறுத்தால் 7 விழுக்காடு, வெயில் அடித்தால் 5 விழுக்காடு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ‘அதிர்வெண் குறைந்தால் மணி அடி’ என்று எழுதும் எளிய நிரல் ஏன் உதவாது என்று புரியும்.

இசட்-24: ஒரு வருடம் கேட்கப்பட்ட பாலம்

ஸ்விட்சர்லாந்தில் பெர்னுக்கும் சூரிக்குக்கும் இடையே ஓடும் ஏ1 நெடுஞ்சாலையின் மேலே, கோப்பிகன், உட்சன்ஸ்டோர்ஃப் என்னும் இரண்டு ஊர்களை இணைத்து ஒரு சின்னப் பாலம் இருந்தது. நடுவில் 30 மீட்டர், இரு பக்கமும் 14 மீட்டர். கான்கிரீட்டுக்குள் இழுத்துக் கட்டிய கம்பிகள் ஓடும் பெட்டி வடிவக் கட்டுமானம். சுற்றுலாப் பயணி யாரும் திரும்பிப் பார்க்கும் அழகெல்லாம் இல்லை. பக்கத்தில் ஒரு புது ரயில் பாதை வந்ததால் அதை இடித்துவிட்டு, பக்கப் பகுதி நீளமாக உள்ள புதுப் பாலம் கட்ட வேண்டியிருந்தது. இந்தத் துறையில் வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் இந்தப் பாலத்தின் பெயர் தெரியும். இசட்-24.

1997 நவம்பர் முதல் 1998 செப்டம்பர் வரை, ஏறக்குறைய ஒரு வருடம், பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தினர் உள்ளிட்ட ஒரு ஐரோப்பியக் குழு இந்தப் பாலத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தது. மணிக்கு ஒரு முறை, நொடிக்கு 100 அளவு வீதம், சுமார் 11 நிமிடம் அதிர்வைப் பதிவு செய்தார்கள். கூடவே காற்றின் வெப்பம், கான்கிரீட்டுக்குள் வெப்பம், தார்ச்சாலையின் வெப்பம், ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள். கடைசி மாதத்தில், 1998 ஆகஸ்டில், வேண்டுமென்றே சேதம் செய்யத் தொடங்கினார்கள். ஒரு தூணை ஜாக்கி வைத்து 20, 40, 80, 95 மில்லிமீட்டர் என்று படிப்படியாகக் கீழே இறக்கினார்கள். அப்புறம் அடித்தளத்தைச் சாய்த்தார்கள், கான்கிரீட்டைப் பெயர்த்தார்கள், இழுகம்பிகளை ஒவ்வொன்றாக அறுத்தார்கள்.

வியப்பு ஆகஸ்டில் வரவில்லை, குளிர்காலத்திலேயே வந்துவிட்டது. வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போனதும் அதிர்வெண்கள் சடாரென்று ஏறின. பூஜ்யத்துக்கு மேலே இருக்கும்வரை வெப்பத்துக்கும் அதிர்வெண்ணுக்கும் உள்ள உறவு ஒரு சாய்கோடு. கீழே போனால் வேறொரு, செங்குத்தான சாய்கோடு. உறைபனியில் தார் இறுகிக் கல்லாகி, அதுவும் கட்டுமானத்தின் பகுதிபோல விறைப்பைக் கூட்டியதுதான் இதற்குக் காரணம். தார் வெறும் மேல்பூச்சு, பலத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றுதானே நாம் நினைப்போம்?

முதல் நான்கு அதிர்வெண்களும் அந்த ஒரு வருடத்தில், எந்தச் சேதமும் இல்லாமலே, 14 முதல் 18 விழுக்காடு வரை மாறின. தூணை 95 மில்லிமீட்டர் இறக்கியதால் வந்த மாற்றம் அதைவிடச் சிறியது. குளிர் செய்தது மனிதன் செய்ததைவிடப் பெரிது.

இருந்தும் லூவன் குழு சேதத்தைக் கண்டுபிடித்தது. எப்படி? ‘இந்த வெப்பநிலையில் இந்தப் பாலம் இந்த அதிர்வெண்ணில் ஆட வேண்டும்’ என்று, நல்லபடியாக இருந்த மாதங்களின் தரவை வைத்து ஒரு மாடல் உருவாக்கினார்கள். அந்தக் கணிப்பைச் சுற்றி இரு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு ஒரு பட்டை வரைந்தார்கள். பாலம் அந்தப் பட்டைக்குள் ஆடிக்கொண்டிருக்கும்வரை சரி. தூணை இறக்கிச் சேதம் செய்தபோது அளவுகள் பட்டையைத் தாண்டி வெளியே விழுந்தன. பானைக்காரர் மொழியில் சொன்னால், ஈரப்பானை எப்படி ஒலிக்கும் என்று முதலில் கற்றுக்கொண்டார்கள்.

நல்ல பானைகளை மட்டுமே கேட்ட காது

சரி, இதில் ‘கற்றல்’ எங்கே வருகிறது?

மெஷின் லேர்னிங் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பூனைப் படம், நாய்ப் படம் கதை. ஆயிரம் பூனை, ஆயிரம் நாய் காட்டி, எது எது என்று சொல்லிக்கொடுத்தால், புதுப்படத்தைப் பார்த்து அதுவே சொல்லும். பாலத்துக்கும் அப்படியே செய்யலாமே, ஆயிரம் நல்ல பாலம், ஆயிரம் கெட்ட பாலம்? அந்த ஆயிரம் கெட்ட பாலத்துக்கு எங்கே போவது? இசட்-24 போல உடைக்க அனுமதி கிடைக்கும் பாலங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒரு பாலத்தின் தரவைக் கொண்டுபோய் இன்னொரு பாலத்துக்குப் பொருத்தவும் முடியாது. நீளம், வயது, மண் எல்லாமே வேறு.

அதனால் நடைமுறையில் பெரும்பாலும் செய்வது இதுதான்: சேதத்தைப் பற்றி எதுவுமே சொல்லிக்கொடுக்காமல், நல்ல நிலையை மட்டும் காட்டிப் பழக்குவது. பழகாத ஒன்று வந்தால் ‘இது நான் கேட்டதில்லை’ என்று சொல்ல வைப்பது. பானை தட்டுகிறவர்களும் அப்படித்தான். அவர்கள் நூறு உடைந்த பானையைத் தட்டிப் பழகியவர்கள் கிடையாது. நல்ல பானையின் ஓசை காதில் ஊறியிருக்கிறது, அவ்வளவுதான்.

‘பழகாதது’ என்பதை எப்படிக் கணக்காக்குவது? இதற்கு மிக அதிகமாகப் பயன்படும் கருவி ஒன்று நம் நாட்டிலிருந்து போனது. கல்கத்தாவில் 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய பிரசாந்த சந்திர மஹலனோபிஸ், மனித உடல் அளவுகளை ஒப்பிடும் ஆய்வில் இறங்கி, 1936இல் ஒரு புதுவகைத் தூரத்தை வரையறுத்தார். இன்று உலகம் முழுக்க அதற்கு மஹலனோபிஸ் தூரம் என்றுதான் பெயர். மண்டையோட்டு அளவு, மூக்கு அளவு என்று இருந்த கணக்கு இப்போது பாலத்தில் விரிசல் தேடுகிறது.

யோசனை எளிது. 6 அடி உயரமுள்ளவர் ஊரில் சிலர் இருப்பார்கள். 40 கிலோ எடையுள்ளவர்களும் இருப்பார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் அதிசயம் இல்லை. 6 அடி உயரமும் 40 கிலோ எடையும் ஒரே ஆளிடம் இருந்தால்தான் திரும்பிப் பார்ப்போம். மஹலனோபிஸ் தூரம் இந்தச் சேர்க்கையைத்தான் அளக்கிறது. கற்பனையாக ஒரு பாலத்தை எடுத்துக்கொள்வோம். 5 டிகிரிக் குளிரில் அது 4.2 ஹெர்ட்ஸ், 35 டிகிரி வெயிலில் 3.9 ஹெர்ட்ஸ் என்று வருடம் முழுவதும் ஆடி வந்திருக்கிறது. ஒருநாள் 3.9 என்று வருகிறது. பழகிய எண்தான். அன்றைய வெப்பம் 5 டிகிரி. அதுவும் பழகிய வெப்பம்தான். ஆனால் இந்த ஜோடி இதுவரை வந்ததே இல்லை. தூரம் எகிறும்.

வெப்பத்தை அளக்கவில்லை என்றாலும் வழி இருக்கிறது. குளிர் வந்தால் ஏறக்குறைய எல்லா அதிர்வெண்களும் ஒன்றாகக் கைகோத்து ஏறும். ஓரிடத்தில் மட்டும் விரிசல் விட்டால், அந்த இடம் எந்த ஆட்டத்தில் அதிகமாக வளைகிறதோ அந்த அதிர்வெண் மட்டும் மற்றவற்றைவிடக் கூடுதலாக இறங்கும். ஆக, அதிர்வெண்களுக்குள் இருக்கும் பழைய கூட்டு உடைகிறதா என்று பார்த்தாலே போதும்.

ஆட்டோஎன்கோடர் என்று ஒரு நரம்பு வலை (நியூரல் நெட்வொர்க் என்னும் வகை மாடல்) உண்டு. அது செய்வதும் இந்தக் கூட்டைப் பிடிப்பதுதான். ஒரு நீளமான சேதியைத் தந்தி அடிப்பதுபோல நாலே சொல்லில் சுருக்கி, அந்த நாலு சொல்லை மட்டும் வைத்து மறுபடி முழுச் சேதியையும் எழுதச் சொல்கிறோம். நல்ல நாட்களின் தரவையே திரும்பத் திரும்பக் கொடுத்து இப்படிப் பழக்கினால், நல்ல நாட்களைச் சுருக்கி விரிப்பதில் அது கெட்டிக்காரத்தனம் காட்டும். சேதம் வந்த நாளின் தரவைக் கொடுத்தால் அந்த நாலு சொல்லுக்குள் அடங்காது. விரித்து எழுதும்போது தப்புத் தப்பாக வரும். அந்தத் தப்பின் அளவுதான் நமக்கு எச்சரிக்கை. உறைபனியில் சாய்கோடு முறிவது போன்ற வளைவுகளை மஹலனோபிஸ் தூரத்தால் சரியாகப் பிடிக்க முடியாது, ஏனென்றால் தரவு ஒரே நீள்வட்டத்துக்குள் பரவிக் கிடக்கிறது என்று அது எடுத்துக்கொள்கிறது. நரம்பு வலைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பதிலுக்கு அதற்கு நிறைய தரவு வேண்டும், ஏன் அப்படிச் சொன்னது என்று கேட்டால் வாயைத் திறக்காது.

எப்போது மணி அடிப்பது?

இது பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் பகுதி. ஆனால் நிஜத்தில் ஒரு கண்காணிப்பு அமைப்பு உயிரோடு இருக்குமா என்பதைத் தீர்மானிப்பது இதுதான்.

எவ்வளவு தூரம் போனால் மணி அடிப்பது என்று ஒரு எல்லைக் கோடு போட வேண்டும். நல்ல நாட்களில் நூற்றுக்கு ஒரு முறை தப்பாக அடித்தாலும் பரவாயில்லை என்று கோட்டைப் போடுகிறீர்கள். நூற்றுக்கு ஒன்றுதானே! ஆனால் பாலத்தை மணிக்கு ஒரு முறை அளக்கிறீர்கள். வருடத்துக்கு 8,760 மணி நேரம். அதாவது வருடத்துக்கு 88 பொய் மணி. வாரத்துக்கு ஒன்று, இரண்டு. மூன்றாவது மாதத்தில் அலுவலகத்தில் யாராவது அந்த மணியின் ஒலியை அணைத்து வைத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

‘தொடர்ந்து பத்து முறை தாண்டினால்தான் அடி’ என்று மாற்றலாம். உதவும், ஆனால் நினைக்கிற அளவுக்கு உதவாது. நாணயம் சுண்டுவது போல ஒவ்வொரு மணி நேர அளவும் தனித்தனி கிடையாதே. ஒரு குளிர் அலை வந்தால் பத்து மணி நேரம் என்ன, மூன்று நாள் முழுக்கத் தாண்டி நிற்கும். கோட்டைத் தள்ளிப் போட்டால் பொய் மணி குறையும், உண்மை மணியும் தாமதமாகும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதைக் கணிதம் சொல்லாது. பாலத்தை ஒரு நாள் தேவையில்லாமல் மூடினால் எவ்வளவு நஷ்டம், மூடாமல் விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

99 விழுக்காடு என்று யாராவது சொன்னால்

புதிதாக வருகிறவர்கள் ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால் 98, 99, சில சமயம் 100 விழுக்காடு துல்லியம் என்று வரிசையாக வரும். இவ்வளவு தீர்ந்துபோன பிரச்சினையா என்று தோன்றும். அந்த எண் எப்படி வந்தது என்று பார்க்கப் பழகிக்கொள்வது நல்லது.

ஆய்வகத்தில் ஒரு சின்ன இரும்புச் சட்டத்தைச் செய்து, செவ்வாய்க்கிழமை நல்ல நிலையில் ஒரு மணி நேரம் அளக்கிறார்கள். போல்ட்டைத் தளர்த்திவிட்டு வியாழக்கிழமை ஒரு மணி நேரம் அளக்கிறார்கள். இரண்டையும் நொடி நொடியாக நறுக்கி, மொத்தமாகக் கலந்து குலுக்கி, எண்பது பங்கைப் பயிற்சிக்கும் இருபது பங்கைத் தேர்வுக்கும் வைக்கிறார்கள். மாடல் 99 மதிப்பெண் வாங்குகிறது. அது கண்டுபிடித்தது தளர்ந்த போல்ட்டையா, வியாழக்கிழமையையா? அன்று ஏசி கூடுதலாக ஓடியிருக்கலாம், சென்சாரின் கேபிள் லேசாக நகர்ந்திருக்கலாம். போதாததற்கு, தேர்வுக்கு வந்த ஒவ்வொரு துண்டுக்கும் முந்தின நொடியும் பிந்தின நொடியும் பயிற்சியிலேயே இருந்தன. வினாத்தாளை முதல்நாளே கொடுத்துவிட்டுத் தேர்வு வைத்த கதைதான். வேறொரு நாள், வேறொரு வெப்பநிலை, முடிந்தால் வேறொரு சட்டம்: தேர்வுத் தரவு அப்படி இருந்தால்தான் மதிப்பெண்ணுக்கு மதிப்பு.

படத்தை வைத்து விரிசல் தேடும் வேலையிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ட்ரோன் பறக்கவிட்டுப் பாலத்தைப் படம் பிடித்து, சின்னச் சின்னக் கட்டங்களாக நறுக்கி, விரிசல் உண்டா இல்லையா என்று நரம்பு வலையைக் கேட்பார்கள். கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தின் யங்-ஜின் சாவும் சகாக்களும் 2017இல் 40,000 சின்னப் படங்களை வைத்துப் பழக்கி, சுமார் 98 விழுக்காடு துல்லியம் காட்டினார்கள். இந்தப் பாதையில் முக்கியமான வேலை அது. ஒரு பெரிய பாலத்திலிருந்து ஒரு லட்சம் கட்டங்கள் வருகின்றன என்று வைத்துக்கொண்டு பாருங்கள். நூற்றுக்கு இரண்டு தப்பு என்றால் 2,000 கட்டங்களில் தப்பான பதில். உண்மையில் விரிசல் உள்ள கட்டங்கள் ஆயிரம்தான் என்றால், ‘எதிலுமே விரிசல் இல்லை’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் இயந்திரம்கூட 99 விழுக்காடு வாங்கிவிடும். அதனால் துல்லியத்தைக் கேட்காமல், ‘இருந்த விரிசலில் எத்தனையைப் பிடித்தாய், பிடித்ததில் எத்தனை நிஜம்?’ என்று இரண்டு கேள்வியாகப் பிரித்துக் கேட்பார்கள்.

இன்னொன்று, நம் ஊர் மேம்பாலத் தூணில் போஸ்டர் கிழித்த தழும்பு, வெற்றிலைக் கறை, தண்ணீர் வழிந்த கோடு, ஒட்டடை, சென்ட்ரிங் பலகையின் தடம் எல்லாம் இருக்கும். சுத்தமான சுவரைப் பார்த்துப் பழகிய மாடலுக்கு இதில் பாதி விரிசலாகத்தான் தெரியும்.

நான்கு கேள்விகள்

டென்மார்க்கைச் சேர்ந்த ஆண்டர்ஸ் ரிட்டர் 1993இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் இந்த வேலையை நான்கு படிகளாகப் பிரித்தார். சேதம் இருக்கிறதா? எங்கே? எவ்வளவு? இன்னும் எத்தனை காலம் தாங்கும்? இன்றும் அந்த வரிசையில்தான் பேசுகிறார்கள்.

மேலே இதுவரை பார்த்ததெல்லாம் பெரும்பாலும் முதல் படி. எங்கே என்பதற்கு நிறைய சென்சார்கள் வேண்டும். அதிர்வெண் மட்டும் போதாது, பாலம் ஆடும்போது எந்த வடிவத்தில் வளைகிறது என்பதும் வேண்டும். எவ்வளவு என்பதற்குச் சேதமான தரவும் வேண்டும். அது கிடைக்காததால் கணினியில் பாலத்தைக் கட்டி, அதில் விரிசலைப் போட்டுப் பார்த்துப் பழக்குகிறார்கள். கணினிப் பாலம் நிஜப் பாலம்போல இல்லாத இடங்களில் மாடலும் தவறும். கடைசிக் கேள்விக்குப் போனால் தரவை மட்டும் நம்பிப் பதில் சொல்ல முடியாது. இரும்பு எப்படிக் களைக்கும், துரு எப்படிப் பரவும் என்ற அறிவும் சேர வேண்டும்.

முதலில் சொன்ன சில்வர் பிரிட்ஜை இந்த முறை காப்பாற்றியிருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு பட்டையின் மூட்டுக்குள் 2.5 மில்லிமீட்டர் விரிசல் மொத்தப் பாலத்தின் அதிர்வெண்ணை எதுவும் செய்திருக்காது. கர்டரில் 60 சென்டிமீட்டர் பிளவையே அதிர்வெண் காட்டிக்கொடுக்கவில்லையே. அந்த மாதிரி விரிசலுக்குப் பக்கத்திலேயே சென்சார் வைத்து, விரிசல் வளரும்போது எழும் மிக மெல்லிய ஒலியைக் கேட்பது, தகட்டில் மீயொலி அலையை ஓடவிட்டு எங்கே தடுக்கிறது என்று பார்ப்பது என்று வேறு முறைகள் உண்டு. அங்கும் மாடல்கள் உண்டு, அங்கும் வெப்பநிலை தொல்லை கொடுக்கும். முழுப் பாலத்தின் அதிர்வைக் கேட்பது தூண் இறங்குவது, அடிமண் அரிப்பது, பியரிங் (பாலம் தூணின் மேல் உட்கார்ந்து லேசாக நகர உதவும் தாங்கி) இறுகிக்கொள்வது போன்ற பெரிய மாற்றங்களுக்குத்தான் ஏற்றது.

கையில் எடுத்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு பயிற்சி. இசட்-24 பாலம் 1998இலேயே இடிக்கப்பட்டுவிட்டது, ஆனால் அதன் தரவை லூவன் பல்கலைக்கழகம் கேட்பவர்களுக்குத் தருகிறது. அதிர்வெண்களைத் தேதி வரிசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், குலுக்காதீர்கள். சேதம் தொடங்குவதற்கு முந்தைய மாதங்களை எடுத்து, அதில் உறைபனி இருந்த வாரங்களை மட்டும் நீக்கிவிட்டு, மிச்சத்தை வைத்து மஹலனோபிஸ் தூரத்தைப் பழக்குங்கள். பிறகு மொத்த வருடத்தையும் அதனிடம் கொடுத்து வரைபடம் போடுங்கள். ஆகஸ்டுக்கு வருவதற்கு முன்பே, பாலத்தை யாரும் தொடாத அந்தக் குளிர் நாட்களில், கோடு எல்லையைத் தாண்டி எங்கேயோ நிற்கும். அடுத்து அந்த வாரங்களையும் பயிற்சியில் சேர்த்து இன்னொரு வரைபடம் போட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.